ஆலயத்துக்கு உடுத்தும் உடை: மரியாதையும் அதிகாரமும்

தமிழ்நாட்டு ஆலயங்கள் பலவற்றின் வாசலில் இப்போது உடை பற்றிய அறிவிப்புப் பலகை தொங்குகிறது. கையில்லாத ரவிக்கை, இறுக்கமான லெக்கின்ஸ், கிழிசல் ஜீன்ஸ், அரைக்கால் சட்டை ஆகியவற்றைத் தவிர்க்கும்படி அது கேட்டுக்கொள்கிறது. இளைஞர்கள், "ஆண்டவர் உள்ளத்தைத்தானே பார்க்கிறார்?" என்கிறார்கள். பெரியவர்கள், "கலெக்டரைப் பார்க்கப் போனால் இப்படியா போவாய்?" என்று திருப்பிக் கேட்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பல வீடுகளில் இந்தப் பேச்சு மனத்தாங்கலோடு முடிகிறது.

இரு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இருவரும் இதை இந்தத் தலைமுறையில் முளைத்த சிக்கலாகவே நினைக்கிறார்கள். தமிழ்க் கிறிஸ்தவத்தின் வரலாற்றில் நானூறு ஆண்டுகளாக உடை ஒரு பெரிய வழக்காக இருந்து வந்திருக்கிறது. உடைக்காக ரோமாபுரி வரை புகார் போயிருக்கிறது, ஆலயங்கள் எரிந்திருக்கின்றன, அரசர் பிரகடனம் வெளியிட்டிருக்கிறார். அந்த வரலாற்றைப் படித்தால் ஒன்று தெளிவாகிறது. ஒருவர் தாமாக விரும்பி உடுத்தும் கண்ணியமான உடை வழிபாட்டின் ஒரு பகுதி. அதே உடையை அளவுகோலாக்கி அடுத்தவரை அளக்கத் தொடங்கும்போது அது அதிகாரமாகிவிடுகிறது.

வேதாகமம் எதைக் கண்டிக்கிறது?

உடைக் கட்டுப்பாட்டுக்குச் சான்று கேட்டால் பெரும்பாலோர் புதிய ஏற்பாட்டைத்தான் திறக்கிறார்கள். அங்கே உள்ள பகுதிகளைச் சேர்த்து வைத்துப் படிப்பது நல்லது.

யாக்கோபின் நிருபம் இரண்டாம் அதிகாரம் ஒரு சபைக் கூட்டத்தையே கண்முன் நிறுத்துகிறது. பொன் மோதிரமும் பகட்டான ஆடையும் அணிந்த ஒருவர் உள்ளே வருகிறார். அழுக்கு உடையோடு ஓர் ஏழையும் வருகிறார். முன்னவருக்கு நல்ல இருக்கை கிடைக்கிறது. பின்னவரிடம் ஓரமாக நிற்கும்படியோ காலடியில் உட்காரும்படியோ சொல்கிறார்கள். யாக்கோபு அந்த ஏழையின் அழுக்கு உடையைக் கண்டிக்கவில்லை, பணக்காரரின் மோதிரத்தையும் கண்டிக்கவில்லை. இடம் காட்டியவர்களைத்தான் கண்டிக்கிறார்.

தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபத்தின் இரண்டாம் அதிகாரமும் பேதுருவின் முதல் நிருபத்தின் மூன்றாம் அதிகாரமும் பெண்களின் அலங்காரத்தைப் பேசுகின்றன. அடக்கமாக உடுத்தச் சொல்லும் அந்தப் பகுதிகள் பெயர் சொல்லிக் குறிப்பிடுவது பின்னிய கூந்தலையும் பொன்னையும் முத்தையும் விலையுயர்ந்த ஆடையையும்தான். அதாவது, ஆதிச் சபையைக் கவலைப்படுத்தியது செல்வப் பகட்டு. இன்றைய அறிவிப்புப் பலகையோ தோளையும் முழங்காலையும் பற்றியே கவலைப்படுகிறது. கல்யாணப் பட்டும் நாற்பது பவுன் நகையுமாக வருபவர் பலகையைத் தாண்டித் தடையின்றி உள்ளே போய்விடலாம். பவுலின் சொல்லைத் தாண்டிப் போக முடியாது. வேதத்தின் பேரில் உடை விதிப்பவர்கள் வேதம் அழுத்திச் சொன்னதை விட்டுவிட்டு, தங்கள் காலத்துக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள்.

மத்தேயு 22இல் வரும் கல்யாண வஸ்திர உவமையையும் சிலர் மேற்கோள் காட்டுவார்கள். அந்த விருந்துக்கு ஆட்களை வழிச்சந்திகளில் இருந்து அழைத்து வந்தார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. வெளிப்படுத்தின விசேஷம் 19ஆம் அதிகாரம் ஆட்டுக்குட்டியானவரின் திருமணத்தைப் பேசும்போது, அங்கே உடுத்தும் மெல்லிய ஆடை பரிசுத்தவான்களின் நீதியான செயல்களே என்று விளக்கமும் தருகிறது.

பெண்கள் தலையை மூட வேண்டும் என்னும் கொரிந்தியர் பகுதி மட்டும் நேரடியான உடை விதி. ஆண் தலையை மூடக்கூடாது என்பதும் அதே பகுதியில் இருக்கும் விதிதான்.

குருக்களின் உடையும் ஒரு காலத்தில் தெருவுடையே

பாதிரியாரின் பூசை உடை ஆதிமுதல் இப்படியே இருந்தது என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். வரலாறு வேறு. கி.பி. 428இல் போப் முதலாம் செலஸ்டின், இன்றைய தென் பிரான்சில் இருந்த வியன், நார்போன் பகுதி ஆயர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். அங்கே சில ஆயர்கள் துறவிகளைப் போலப் போர்வையும் இடைக்கச்சையும் அணிந்து தனித்துத் தெரிந்தார்கள். அதை அவர் கடிந்துகொண்டார். மக்களிடமிருந்து குருமார் வேறுபட வேண்டியது போதனையாலும் நடத்தையாலும் உள்ளத் தூய்மையாலுமே, உடையால் அல்ல என்பது அக்கடிதத்தின் சாரம்.

பூசையில் குரு அணியும் வெள்ளை நீள் அங்கி ரோமானியர்களின் டியூனிக்கிலிருந்து வந்தது. அதன்மேல் போடும் கையில்லாப் போர்வை போன்ற ஆடை, பயணத்தின்போதும் மழையிலும் அவர்கள் போர்த்திய பேனுலாவிலிருந்து வந்தது. ஊரார் காலத்தோடு உடையை மாற்றிக்கொண்டார்கள், ஆலயம் பழையதை வைத்துக்கொண்டது. முறையான உடை என்று நாம் போற்றுவதில் பெரும்பகுதி முந்தைய தலைமுறையின் அன்றாட உடைதான். நம் ஊரில் பாவாடை தாவணிக்கு நேர்ந்ததும் அதுவே. ஒரு காலத்தில் வயலுக்கும் பள்ளிக்கும் உடுத்திப் போன தாவணி இன்று திருவிழாவுக்கும் பண்டிகைக்கும் உரிய உடையாகிவிட்டது.

மதுரையில் காவி

1606இல் மதுரைக்கு வந்த இயேசு சபைத் துறவி ராபர்ட் தெ நொபிலி, தத்துவ போதகர் என்று அறியப்பட்டவர். அவர் வருவதற்கு முன்பே அங்கே கொன்சாலோ பெர்னாண்டஸ் என்னும் மூத்த துறவி, போர்த்துக்கீசியருக்கும் முத்துக்குளித்துறையிலிருந்து வந்த பரவர் கிறிஸ்தவர்களுக்கும் ஊழியம் செய்துகொண்டிருந்தார். மதுரையின் உயர் சாதியார் யாரும் அந்தக் கோவில் பக்கம் வரவில்லை. காரணம் உடையிலும் பழக்கத்திலும் இருக்கிறது என்று நொபிலி கண்டார். கறுப்பு அங்கியையும் தோல் காலணியையும் விட்டார். காவி உடுத்தி, மரக்கட்டைப் பாதுகை அணிந்து, மரக்கறி உண்டு, சந்நியாசியாக வாழத் தொடங்கினார். அவர் வழியில் ஞானஸ்நானம் பெற்றவர்கள் பூணூலையும் குடுமியையும் சந்தனத்தையும் வைத்துக்கொண்டார்கள்.

பெர்னாண்டஸ் மேலிடத்துக்குப் புகார் அனுப்பினார். 1619இல் கோவாவில் விசாரணைக் கூட்டம் நடந்தது. வழக்கு ரோம் வரை போய், 1623 ஜனவரி 31 அன்று போப் பதினைந்தாம் கிரகோரி நொபிலிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். பூணூல், குடுமி, சந்தனம், நீராட்டு ஆகியவற்றைச் சமூக வழக்கங்களாகக் கொண்டு நிபந்தனைகளோடு அனுமதித்தார்.

ஒரு நாட்டு மக்கள் தங்கள் உடையோடே கிறிஸ்துவிடம் வரலாம் என்று அந்தத் தீர்ப்பு ஒப்புக்கொண்டது. அது பெரிய முன்னேற்றம். ஆனால் அதற்குக் கொடுத்த விலையும் பெரிது. ஒரே ஊரில், ஒரே நம்பிக்கையில், காவி உடுத்த துறவியைச் சுற்றி ஒரு கூட்டமும் அங்கி உடுத்த துறவியைச் சுற்றி இன்னொரு கூட்டமும் தனித்தனியே வழிபட்டன. பின்னர் ஒடுக்கப்பட்ட சாதியாரிடமும் போகக்கூடிய பண்டாரசுவாமிகள் என்று மற்றொரு துறவியர் பிரிவே ஏற்பட்டது. 1693இல் ஓரியூரில் கொல்லப்பட்ட அருளானந்தர் அந்தப் பண்டாரசுவாமி மரபைச் சேர்ந்தவர். பண்பாட்டுக்கு மதிப்புத் தந்த உடை, சாதிக்கும் இடம் தந்துவிட்டது.

தென் திருவிதாங்கூரில் தோள்சீலை

ஆலயத்துக்கு என்ன உடுத்துவது என்ற கேள்வி தமிழ் மண்ணில் மிகக் கூர்மையாக எழுந்த இடம் இன்றைய கன்னியாகுமரி மாவட்டம். அன்று அது திருவிதாங்கூர் அரசின் தென்பகுதி.

அந்த அரசில் மேலுடம்பைத் திறந்து வைப்பதே மரியாதை. தம்மைவிட உயர்ந்தவர் முன்னால் தோள்துணியை எடுத்துவிட வேண்டும். நாயர் பெண்கள் நம்பூதிரிகள் முன்னும் தெய்வத்தின் முன்னும் அப்படிச் செய்தார்கள். நாடார் முதலிய சாதிப் பெண்களுக்கு மேலானவர்களாகக் கருதப்பட்டோர் எங்கும் இருந்ததால், அவர்கள் எப்போதும் மேலுடம்பை மூடக்கூடாது. அரசின் கண்ணில், மூடாமல் இருப்பதே அவர்களுக்கு உரிய 'முறையான உடை'.

1806 முதல் மயிலாடியை மையமாகக் கொண்டு லண்டன் மிஷனைச் சேர்ந்த ரிங்கல்தௌபே பணி செய்தார். அவருக்குப் பின் சார்லஸ் மீட், சார்லஸ் மால்ட் முதலியோர் வந்தார்கள். நாடார்கள் திரளாகக் கிறிஸ்தவம் தழுவினார்கள். அந்தப் பெண்கள் ஆலயத்துக்கு எதை உடுத்தி வருவது? மேலுடம்பை மூடாமல் வருவதை மிஷனரிகள் ஏற்கவில்லை. மூடினால் அரசு ஏற்காது. மீட் வருவதற்கு முன்பே, திருவிதாங்கூரின் ரெசிடென்டாகவும் திவானாகவும் இருந்த கர்னல் மன்றோ, கிறிஸ்தவப் பெண்கள் மார்பை மூடிக்கொள்ளலாம் என்று அனுமதித்தார். எதிர்ப்பு கிளம்பியது. 1814இல் அரசு ஒரு நடுவழியைக் கண்டது: சிரியன் கிறிஸ்தவப் பெண்களும் மாப்பிள்ளைப் பெண்களும் போடுவது போன்ற குப்பாயம் போட்டுக்கொள்ளலாம்; நாயர் பெண்களைப் போலத் தோள்சீலை போடக்கூடாது.

அந்த இரண்டு ஆடைகளையும் சற்று அருகிலிருந்து பார்க்க வேண்டும். குப்பாயம் என்பது தைத்த, கைவைத்த சட்டை. மிஷன் பங்களாக்களில் மிஷனரிகளின் மனைவிமார் பெண்களுக்குத் தையல் கற்றுக்கொடுத்து அதைத் தைக்க வைத்தார்கள். 1819இல் நாகர்கோவிலுக்கு வந்த மார்த்தா மால்ட் நடத்திய பெண்கள் பள்ளியில்தான் இன்றும் அந்த ஊருக்குப் பெயர் தரும் லேஸ் பின்னல் தொடங்கியது. தோள்சீலையோ தைக்காத துணி. மார்பைச் சுற்றி ஒரு தோளின்மேல் விழும். உடம்பை மூடுவது மட்டுமே நோக்கம் என்றால் குப்பாயம் தாராளமாகப் போதும். நாடார் கிறிஸ்தவப் பெண்கள் குப்பாயத்தோடு நிற்கவில்லை. அதன்மேல் தோள்சீலையையும் போட்டுக்கொண்டு ஆலயத்துக்கும் சந்தைக்கும் போனார்கள். அவர்கள் கேட்டது உடம்பு மறைவதற்கான துணியை மட்டுமல்ல, மற்றவர்களுக்குச் சமமான துணியை.

1822இல் கல்குளம் பகுதியில் தாக்குதல் தொடங்கியது. வழியில் பெண்களின் தோள்சீலையைப் பறித்துக் கிழித்தார்கள். 1827 முதல் 1829 வரை மீண்டும் கலவரம்; ஆலயங்களும் பள்ளிகளும் தீக்கிரையாயின. 1829 பிப்ரவரி 3 அன்று வெளிவந்த அரசப் பிரகடனம், தோள்சீலைக்குத் தடை விதித்து, குப்பாயத்தை மட்டும் அனுமதித்தது. 1858 இறுதியில் மூன்றாம் முறை கலவரம் மூண்டது. சென்னை ஆளுநர் சார்லஸ் டிரெவெலியனின் நெருக்குதலுக்குப் பிறகு, 1859 ஜூலை 26 அன்று மன்னர் உத்திரம் திருநாள் புதிய பிரகடனம் வெளியிட்டார். கிறிஸ்தவரோ இந்துவோ, நாடார் பெண்கள் எல்லோரும் மார்பை மூடிக்கொள்ளலாம். ஆனால் உயர் சாதிப் பெண்கள் உடுத்தும் விதத்தில் உடுத்தக்கூடாது. அந்தக் கடைசி நிபந்தனையே போராட்டத்தின் உண்மையான பொருளைக் காட்டிக்கொடுக்கிறது. கண்ணியம் பற்றியதாக எழுந்த சண்டை, கடைசிவரை அந்தஸ்து பற்றியதாகவே இருந்தது.

அதே மக்களிடையே, அதே காலத்தில், அய்யா வைகுண்டர் (1809–1851) வேறொரு வழி காட்டினார். தலைப்பாகை கட்ட உரிமையில்லாத ஆண்கள் தலைப்பாகை கட்டித்தான் வழிபட வேண்டும் என்றார். சாமிதோப்புப் பதியில் ஆண்கள் இன்றும் தலைப்பாகையோடுதான் உள்ளே போகிறார்கள். அங்கிருந்து தொலைவில் இல்லாத சுசீந்திரம் கோவிலில் ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுப் போகிறார்கள். பக்கத்து ஊர்த் தேவாலயத்தில் சட்டைப் பொத்தானைச் சரிபார்த்துக்கொண்டு நுழைகிறார்கள். மூன்று இடத்திலும் பக்தி ஒன்றே. எந்த உடை மரியாதை என்பதை இடமும் வரலாறும் தீர்மானிக்கின்றன என்பதற்கு இந்தச் சிறிய மாவட்டமே சாட்சி.

குடுமியும் முக்காடும்

திருநெல்வேலிச் சீமையில் சண்டை குடுமியைச் சுற்றி நடந்தது. குடுமி இந்துச் சின்னம், கிறிஸ்தவர் அதை வெட்ட வேண்டும் என்று மிஷனரிகள் சிலர் வற்புறுத்தினார்கள். இடையன்குடியில் பணி செய்த ராபர்ட் கால்டுவெல் அதை மறுத்து 1867இல் ஒரு நூலே எழுதினார். குடுமி நாட்டு வழக்கம், சமயச் சின்னம் அல்ல என்பது அவர் வாதம். மக்களின் தோற்றத்தில் எது நம்பிக்கைக்கு உரியது, எது வெறும் பழக்கம் என்று பிரித்தறியும் நிதானம் அவரிடம் இருந்தது. இன்று ஜீன்ஸ் பற்றிப் பேசுவோருக்கும் அந்த நிதானம் தேவை.

கத்தோலிக்கத் திருச்சபையில் 1917ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு, ஆண்கள் தலையை மூடாமலும் பெண்கள் தலையை மூடி அடக்கமாக உடுத்தியும் ஆலயத்தில் இருக்க வேண்டும் என்று எழுதி வைத்தது. 1983இல் வெளியான புதிய தொகுப்பில் அந்த விதி இடம்பெறவில்லை. விதி போனாலும் பழக்கம் போகவில்லை. நற்கருணை வாங்க எழும்போது சேலைத் தலைப்பையோ துப்பட்டாவையோ தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொள்ளும் பெண்களை நம் ஆலயங்கள் எங்கும் காணலாம். யாரும் சொல்லாமலே கை தானாகப் போகிறது. கட்டாயம் நீங்கிய பிறகு மிஞ்சும் இந்த வழக்கமே மரியாதையின் உண்மையான வடிவம்.

இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின், 1969இல் இந்திய ஆயர்கள் கேட்ட பன்னிரண்டு தழுவல்களை ரோம் ஏற்றது. செருப்பைக் கழற்றுவதும், தரையில் அமர்ந்து வழிபடுவதும், குருவின் வழக்கமான பூசை உடைகளுக்குப் பதிலாக ஒற்றை அங்கியும் அங்கவஸ்திரமும் அணிவதும் அவற்றில் அடங்கும். தமிழ்நாட்டுச் சிற்றூர்க் கிறிஸ்தவர்களுக்குச் செருப்பைக் கழற்றுவதற்கு ரோமின் அனுமதி தேவைப்படவில்லை. அவர்கள் முன்பே அதைச் செய்துகொண்டிருந்தார்கள். வேளாங்கண்ணிக்குக் காவி உடுத்தி வெறுங்காலோடு நடந்து போவோரும், மாதாவுக்குச் சேலை சாத்துவோரும் யார் எழுதிய விதிக்கும் காத்திருக்கவில்லை. உடையில் மக்கள் தாமாகக் கண்டுகொண்ட பக்திமுறைகள் ஆழமாக நிலைத்திருக்கின்றன.

வெள்ளை உடையின் இரண்டு முகங்கள்

பெந்தெகொஸ்தே சபைகள் வேறொரு தீர்வைக் கண்டன. 1920களில் கொழும்பில் தோன்றிய சிலோன் பெந்தெகொஸ்தே மிஷனின் முழுநேர ஊழியர்கள் வெள்ளை மட்டுமே உடுத்துகிறார்கள். தமிழ்நாட்டின் பல பெந்தெகொஸ்தே சபைகளில் விசுவாசிகளும் வெள்ளை உடையில், நகையும் பூவும் இல்லாமல் ஆராதனைக்கு வருகிறார்கள்.

இதன் நன்மையைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. வரதட்சணைக்கும் நகைக்கும் கடன்பட்டுக் குடும்பங்கள் நொடிந்துபோகும் சமூகத்தில், கழுத்தில் ஒன்றும் இல்லாமல் ஒரு பெண் தலைநிமிர்ந்து நுழையக்கூடிய இடம் அது. யாருக்கு எத்தனை பவுன் என்று அங்கே யாரும் கணக்குப் பார்க்க முடியாது. கத்தோலிக்க ஆலயங்களில் பீடச் சிறுவர்களின் அங்கி செய்வதும் இதே நன்மைதான். உள்ளே போட்டிருக்கும் சட்டை கிழிந்ததா புதியதா என்பதை அந்த அங்கி மறைத்துவிடுகிறது.

வெள்ளைக்கு இன்னொரு முகமும் உண்டு. சில சபைகளில் நகையைக் கழற்றினால்தான் ஞானஸ்நானம். ஏழைக்கு விடுதலை தந்த விதி, இங்கே இரட்சிப்பின் அளவுகோலாகிறது. காதில் ஒரு சிறு கம்மலோடு வரும் பெண், உபதேசம் முடிவதற்குள் தன்னைப் பற்றிய தீர்ப்பை மற்றவர் முகத்தில் படித்துவிடுகிறாள். சமத்துவத்துக்காகப் பிறந்த உடையே புதிய ஏற்றத்தாழ்வை உண்டாக்கிவிடுகிறது.

மூன்று கேள்விகள்

ஆகவே, முறையான உடை முக்கியமா என்று கேட்டால், முக்கியம் என்பதே என் விடை. சனிக்கிழமை இரவே சட்டையைத் தேய்த்து மடித்து வைப்பவர், இருப்பதில் நல்ல சேலையை ஆலயத்துக்கென்று ஒதுக்கி வைப்பவர், தம் உடம்பையும் நேரத்தையும் வழிபாட்டுக்குத் தயார்ப்படுத்துகிறார். அது வெளிவேடம் அல்ல. வாரமெல்லாம் சீருடையிலோ வேலைத் துணியிலோ கழிப்பவருக்கு ஞாயிறு உடை அவருடைய மனித மதிப்பை நினைவூட்டுகிறது. தோள்சீலைக்காக அடிவாங்கிய பெண்களின் வரலாற்றைப் படித்தவர் யாரும், ஆலயத்துக்கு நன்றாக உடுத்த விரும்புவதை அற்பமாகப் பேச மாட்டார்.

ஆனால் ஓர் ஆலயம் அதை விதியாக்கப் புறப்படும்போது மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

முதலாவது, இந்த விதியின் செலவை யார் சுமக்கிறார்? கிறிஸ்துமஸுக்குப் புதுத்துணி எடுக்க முடியாததால் ஆராதனைக்கே வராமல் இருந்துவிடும் குடும்பங்கள் ஒவ்வொரு சபையிலும் உண்டு. இரண்டாவது, விதி யாரை அளக்கிறது? பலகைகளில் உள்ள வரிகளில் பெரும்பாலானவை பெண்களுக்கே எழுதப்பட்டவை. ஆண்களின் பகட்டு, விலையுயர்ந்த கைக்கடிகாரம், முன்வரிசைக்கான போட்டி ஆகியவற்றைப் பற்றி எந்தப் பலகையும் பேசுவதில்லை. மூன்றாவது, விதியை யார் எழுதினார்? 1814லும் 1829லும் 1859லும் பெண்களின் உடையைத் தீர்மானித்தவர்கள் அதை உடுத்த வேண்டியிருந்த பெண்கள் அல்லர். இன்றைய சபைக் குழுக்களும் பங்குப் பேரவைகளும் உடை பற்றி முடிவெடுக்கும்போது, யாருக்காக எழுதுகிறோமோ அவர்கள் அந்த அறையில் இருக்கிறார்களா?

இந்த மூன்றுக்கும் நேர்மையாக விடை சொல்ல முடிந்தால், அந்த ஆலயம் உடை பற்றித் தன் மக்களிடம் பேசலாம். போதனையில் பேசலாம், ஞாயிறு பள்ளியிலும் மறைக்கல்வி வகுப்பிலும் பேசலாம், பெற்றோர் பிள்ளைகளிடம் பேசலாம். வாசலில் நின்று பேசக்கூடாது. வாசலுக்கு வந்துவிட்டவர் ஏற்கெனவே ஒரு முடிவோடு வந்திருக்கிறார். வேலை முடிந்து அப்படியே வந்தவரும், பல ஆண்டுகளுக்குப் பிறகு ஆலயத்தை நினைத்து வந்தவரும், மாற்றுத்துணி இல்லாமல் வந்தவரும் அங்கே நிற்கலாம். அவர்களில் ஒருவர் திரும்பிப் போனாலும் அந்தப் பலகை தோற்றுவிட்டது.

சபைப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: நீங்கள் நன்றாக உடுத்தி வாருங்கள், உங்கள் பிள்ளைகளுக்கும் அதைச் சொல்லிக்கொடுங்கள். ஆனால் எப்படி உடுத்தி வந்தாலும், உள்ளே வர நினைத்த எவரையும் உடையைக் காரணம் காட்டித் திருப்பி அனுப்பாதீர்கள்.